பண்பலையைக் கைவிட்ட நோர்வே

2017ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 11ஆந் திகதி, முற்பகல் 11 மணி 11 நிமிடம் 11 விநாடிக்கு, நோர்வே நாட்டின் வடபாலுள்ள நோர்லான்ட் மாகாணத்தில் தேசிய வானொலியின் பண்பலை ஒலிபரப்பு நின்றது. முகூர்த்தம் பார்த்தே குறித்தார்கள் போலும். எப். எம். என்று பொதுமக்கள் வழங்கும் அந்த ஒலிபரப்பு அவ்வாண்டு முழுவதும் மாகாணம் மாகாணமாக ஓய்ந்து வந்தது. டிசெம்பர் 13ஆந் திகதி துருவத்தை அடுத்த துரோம்ஸ், பின்மார்க் பகுதிகளிலும் அது ஓய்ந்தபோது, தேசிய வானொலிச் சேவைகள் அனைத்தையும் இலக்கமுறைக்கு மாற்றிய முதல் நாடு என்ற பெயர் நோர்வேக்கு உரியதாயிற்று.

செல்வ வளமே இதற்குக் காரணம் என்று கருதுதல் பொருந்தாது; மலைகளே முதற் காரணம். பண்பலை அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டிற் செல்வன. மலையொன்று குறுக்கிட்டால் மறுபுறத்துப் பள்ளத்தாக்குக்கு மற்றொரு கோபுரம் வேண்டும். அக்கோபுரமும் அயற்கோபுரத்தின் மீடிறனிலேயே பேசுமாயின் இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கும். ஆகவே வேறு மீடிறன் வேண்டும். நுழைகழிகளும் செங்குத்துச் சரிவுகளும் நிறைந்து, ஐம்பது இலட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்களே வாழும் அந்நாட்டிற் பண்பலையில் ஐந்து தேசிய அலைவரிசைகளுக்கு மேல் இடமிருக்கவில்லை. டீ. ஏ. பீ. எனப்படும் இலக்கமுறை ஒலிபரப்போ பல நிகழ்ச்சிகளை எண்களாக்கி ஒரே கட்டாகக் கட்டி அனுப்புவது; அடுத்தடுத்த கோபுரங்கள் ஒரே மீடிறனைப் பகிர்ந்துகொள்ளவும் இடமளிப்பது. அதன்வழி இருபத்திரண்டு தேசிய அலைவரிசைகளைத் தரலாம் என்றும், பண்பலையில் ஓர் அலைவரிசையைப் பரப்பும் செலவு இதனைப்போல் எட்டு மடங்கு என்றும் நோர்வேயின் கலாசார அமைச்சு கணக்குக் காட்டியது.

இஃது அவசரத்தில் எடுத்த முடிபுமன்று. ஐரோப்பிய நாடுகள் 1987இல் கூடித் தொடங்கிய ஆராய்ச்சியின் பயனே டீ. ஏ. பீ. நோர்வேயின் அரச ஒலிபரப்பு நிறுவனமாகிய என். ஆர். கே. 1995இலேயே அம்முறையில் ஒரு சேவையைத் தொடங்கிவிட்டது. 2011இற் பாராளுமன்றம் நிபந்தனைகளுடன் இசைந்தது. 2015இல் அரசாங்கம் நாளை உறுதிசெய்தது. இத்தனைக்கும் பின்னர், 2016 டிசெம்பரில் ஒரு பத்திரிகை வெளியிட்ட கருத்துக்கணிப்பில் நூற்றுக்கு 66 பேர் இம்மாற்றத்தை எதிர்த்தனர். ஆதரித்தோர் 17 பேரே.

அமைச்சின் கணக்குப் பிழையன்று. ஆனால் அது கோபுரங்களின் கணக்கு. வீட்டிலும் வண்டியிலும் இருக்கும் பெட்டிகளின் கணக்கு அதில் வேறோர் ஏட்டில் எழுதப்பட்டது. அதற்குப் பணம் செலுத்த வேண்டியவர் நேயரே. புதிய அலையை வாங்கும் கருவியில்லாத மோட்டார் வண்டிகள் மட்டும் ஏறத்தாழ இருபது இலட்சம் என அப்போது மதிப்பிடப்பட்டது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. டீ. ஏ. பீ. பிளஸ் என்னும் திருந்திய முறை பின்னர் வந்தமையால், முந்திக்கொண்டு இலக்கமுறைப் பெட்டி வாங்கிய சிலரது பெட்டிகளும் பயனற்றுப் போயின.

பண்பலையே ஒரு காலத்தில் இவ்விடரைப் பட்டது. அதனைக் கண்டவர் அமெரிக்கரான எட்வின் ஆம்ஸ்ட்ரோங். 1933இற் காப்புரிமை பெற்றார். 1945இல் அந்நாட்டுத் தகவற்றொடர்பு ஆணைக்குழு பண்பலையை 42 முதல் 50 மெகாஹேர்ட்ஸ் வரையிலிருந்த இடத்தினின்றும் பெயர்த்து, 88 மெகாஹேர்ட்சுக்கு மேலே கொண்டுபோய் வைத்தது. முன்னைய பெட்டிகள் பல இலட்சம் வெறுங் கூடுகளாயின. அவ்வடியினின்றும் பண்பலை எழுவதற்கு நெடுங்காலம் சென்றது. 1954இல் மாண்ட ஆம்ஸ்ட்ரோங் அதன் பெருவாழ்வைக் காணவில்லை.

கேட்கும் பெட்டியின் பெறுமதியை நோர்வே மக்கள் வேறொரு வழியாகவும் அறிந்திருந்தனர். 1940 ஏப்ரலில் ஜேர்மானியப் படை நாட்டைப் பிடித்தது. மன்னர் ஹாகோன் இலண்டனிலிருந்து பேசிய பேச்சு வானொலிவழி நாட்டுக்குள் வந்தது. 1941இல் ஆட்சியாளர் மக்களின் வானொலிப் பெட்டிகளைப் பறித்தனர். தம்மைச் சார்ந்த கட்சியினருக்கு மட்டும் விலக்களித்தனர். ஒளித்து வைத்திருந்து அகப்பட்டோருக்கு மரண தண்டனையும் விதிக்கலாம் என்ற நிலை பின்னர் வந்தது. அப்பொழுது இலண்டனிலிருந்த நோர்வேப் பொறியியலாளர் வில்லி சிமொன்சன், மறைத்து வைக்கத்தக்க சிறு பெட்டியொன்றை ஆக்கினார். 'ஸ்வீட்ஹார்ட்' என்பது அதற்கு இட்ட பெயர். வான்வழியும் கடல்வழியும் அது நாட்டுக்குட் புகுந்தது.

பழைய அனலொக் முறையின் உண்மையான வலிமை இங்கேதான் இருக்கிறது. அதனை வாங்கும் பெட்டி எளியது. பற்றரியை மெல்லவே உண்பது. அலை நலிந்தால் இரைச்சல் கூடும். ஆயினும் இரைச்சலினூடே செவி சொற்களைப் பொறுக்கிக்கொள்ளும். இலக்கமுறையில் அலை ஓர் எல்லைவரை தெளிவாகவே கேட்கும். எல்லை கடந்ததும் முற்றாக நின்றுவிடும். இசை நயந்து கேட்பார்க்கு அதன் தெளிவு பெரும் பேறு. புயலில் கோபுரங்கள் பழுதான இரவிலோ, அரைகுறையாகக் கேட்கும் எச்சரிக்கைக்கும் விலையுண்டு.

நோர்வேயிலும் பண்பலை அடியோடு மறையவில்லை. சிற்றூர் நிலையங்கள் பல அதிலே தொடர அனுமதிக்கப்பட்டன. அவ்வனுமதி பின்னர் நீட்டவும்பட்டது. சுவிற்சர்லாந்தின் பொது ஒலிபரப்பு நிறுவனம் 2024 டிசெம்பர் 31ஆந் திகதி தன் பண்பலையை நிறுத்தியபோது, அதன் நேயர் தொகை குறைந்தது. பண்பலை குறைந்தது 2030 வரையேனும் வேண்டும் என்று பிரித்தானியாவில் 2021இல் நடந்த மீளாய்வு கூறியது.

இடர்காலத்தில் வானொலி வேண்டும் என்பதை நோர்வே அரசு மறந்துவிடவில்லை. மின்சாரமும் தொலைபேசியும் அற்றுப்போகும் நாளுக்கென வீடுதோறும் சேர்த்து வைக்கும்படி குடிமக்கள் பாதுகாப்புத் திணைக்களம் கூறும் பொருள்களுள் குடிநீர், கெடாத உணவு, கைவிளக்கு, மருந்து என்பவற்றோடு பற்றரியில் இயங்கும் வானொலிப் பெட்டியொன்றும் இருக்கிறது. அது டீ. ஏ. பீ. பெட்டியாக இருத்தல் வேண்டும் என்றும் சேர்த்தே கூறுகின்றனர்.