மூலநிரலும் பொதுமையும்: நெடுந்தீவின் முதலெழுத்தை முன்வைத்து

நெடுந்தீவு என்னும் ஊர்ப்பெயரைக் கையால் எழுதுவோரும் ஈய எழுத்தில் அச்சுக்கோத்தோரும் கொம்பை முதலிலும் நகரத்தை அதன் பின்னரும் இட்டனர். 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முறைப்படியோ, ஒலிப்பு வரிசைக்கேற்ப நகரம் முதலிலும் கொம்பு பின்னருமாகக் கணினியிற் பதிவாகின்றன. திரையில் கொம்பை மீண்டும் முன்னிறுத்துவது எழுத்தமைப்புக்கான மூலநிரலின் பணியாகும். அது பிழைபடின் ஊரின் பெயரே சிதையும். எனவே, அந்நிரல் எவரது உடைமை என்பது தமிழாராய்ச்சியாளருக்கும் உரிய வினாவாகும்.

இத்தகைய நிரலொன்றின் வரலாறு நோக்கற்பாலது. ஃப்றீரைப் என்னும் கட்டற்ற மென்பொருளின் ஒரு கூறாகத் தோன்றிய அதனைப் பாங்கோ, கியூற் என்னும் இரு மென்பொருட்டிட்டங்கள் தனித்தனியே படியெடுத்துத் தத்தம் தேவைக்கேற்பத் திருத்தின. விளைவு யாது? ஒன்றிற் களையப்பட்ட வழு மற்றதில் நிலைக்க இடமுண்டாயிற்று. ஒரே பணிக்கு உழைப்பு இருமுறை செலவாயிற்று. ஏட்டுப்பிரதிகளிற் பாடபேதங்கள் பெருகியதும் இவ்வாறே. 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை பிரதிகளை ஒப்புநோக்கி உழைக்க நேர்ந்தமை நாமறிந்ததே. படியெடுக்கும் சுதந்திரம் மட்டும் பொதுமையாகிவிடாது என்பது இதனாற் பெறப்படும்.

இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் அக்கிளைகள் மீள இணைக்கப்பட்டு ஹார்ஃப்பஸ் எனப் பெயர்பெற்றன. ஈரானிற் பிறந்த பெஹ்தாத் எஸ்ஃபாபொட் பின்னர் அதனைப் புதிதாக எழுதினார். இன்று பயர்பொக்ஸ், குறோம், அன்ட்ரொயிட், லிப்ரே ஒஃபிஸ் ஆகியன இந்நிரலையே பயன்படுத்துகின்றன. ஓரிடத்துத் திருத்தம், அடுத்தடுத்த பதிப்புக்களின் வாயிலாக அனைத்தையும் சென்றடைகின்றது.

1990ஆம் ஆண்டின் இராணுவ நடவடிக்கைகளைத் தொடர்ந்து தீவுப்பகுதி மக்களுட் பெருந்தொகையினர் இடம்பெயர்ந்தனர், பலர் கடல்கடந்தனர். ரொறன்ரோவிலும் லண்டனிலும் அவர்தம் கைத்தொலைபேசிகளில் ஊர்ப்பெயர் சிதையாது தோன்றுவதற்கு இப்பொது உழைப்பும் காரணமாகும். இலாபநோக்கு, வாங்கும் வலு குறைந்த மக்களின் எழுத்தை இறுதியிலேயே கவனிக்கும்.

ஆயினும் இங்கொரு முரண்பாடு உண்டு. 1989இல் வெளியான குனு பொதுமக்கள் உரிமம், நிரலைத் திருத்தி விநியோகிப்போர் அத்திருத்தத்தின் மூலத்தையும் வழங்க வேண்டுமென விதித்தது. ஹார்ஃப்பஸின் உரிமம் அவ்வாறு விதிப்பதில்லை. பெருநிறுவனங்கள் அதனை எடுத்துத் தம் மூடிய பண்டங்களிற் சேர்க்கலாம். அவை ஊதியம் கொடுத்துப் பணியாற்றுவிப்பதும் உண்மையே. எனினும் ஊதியம் கொடுப்போரே எப்பணி முந்தியது என்பதையும் பெரிதும் தீர்மானிப்பர்.

ஆகவே, பொதுச்சொத்தை நுகர்ந்தால் மட்டும் போதாது. வழுக்களைச் சோதித்தறிவதிலும் திருத்துவதிலும் தமிழ்ப் பல்கலைக்கழகத்தினர் பங்குகொள்ளல் வேண்டும். உழைப்பிற் பங்கில்லாதார்க்கு முடிவிலும் பங்கிராது.