மலையகத் தமிழரின் பிரசாவுரிமை விண்ணப்பங்களும் தாமதத்தின் அரசியலும்

மலையகத் தமிழரின் பிரசாவுரிமைப் பிரச்சினை குறித்து எழுதப்பட்டவை பெரும்பாலும் சட்டங்களையும் ஒப்பந்தங்களையும் பற்றியனவாகவே அமைந்துள்ளன. விண்ணப்பத்துக்கும் முடிவுக்கும் இடைப்பட்ட காலம் போதிய கவனத்தைப் பெறவில்லை. அதனை நிர்வாகத் திறமையின்மையின் விளைவெனக் கொள்வதே வழக்கம். எனினும் அக்காலத்தை அதன் சமூக, பொருளாதாரப் பின்னணியில் வைத்து நோக்குமிடத்து, தாமதமே ஓர் ஆட்சிமுறையாகத் தொழிற்பட்டமை புலப்படும்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் பெருந்தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் அவர்களுக்கு ஒரு வாயிலைத் திறந்துவிட்டதாகக் கூறப்பட்டது. 1946 ஜனவரி 1ஆம் திகதிக்கு முன்னர், மணமானவர் 7 ஆண்டுகளும் மணமாகாதவர் 10 ஆண்டுகளும் இங்கு இடையறாது வதிந்திருத்தல் வேண்டும் என்பது முக்கிய நிபந்தனை. விண்ணப்பிக்கும் கால எல்லை 1951 ஆகஸ்ட் 5ஆம் திகதியுடன் முடிவடைந்தது. இலங்கை இந்தியன் காங்கிரஸ் முதலில் இச்சட்டத்தைப் பகிஷ்கரித்துப் பின்னரே விண்ணப்பிக்கும்படி கூறியமையால், விண்ணப்பங்கள் இறுதி மாதங்களிலே குவிந்தன. ஏறத்தாழ 237,000 விண்ணப்பங்கள் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் சார்பில் சமர்ப்பிக்கப்பட்டன.

விண்ணப்பதாரரின் எதிர்பார்ப்பு எளிமையானது. காடழித்துத் தேயிலை நட்டவர்களின் வழிவந்தவர்கள், தமது உழைப்பே தமது வதிவுக்குச் சான்று எனக் கருதினர். அரசோ எழுத்துச் சான்றைக் கேட்டது. பிறப்பும் விவாகமும் முறையாகப் பதியப்படாத லயன் வாழ்க்கையில் அத்தகைய சான்று அரிதாகவே கிடைத்தது. செக்றோலில் ஒரு பெயரும் பிறிதொரு பத்திரத்தில் வேறொரு பெயரும் காணப்படுதல் ஐயத்துக்குக் காரணமாயிற்று. ஊர் சென்று திரும்பியதும் கேள்விக்குரியதாயிற்று. ஒரே தடவையில் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் இலங்கையில் இல்லாதிருந்தால் வதிவின் தொடர்ச்சி அறுந்ததாகக் கொள்ளப்பட்டது. இருந்த ஆவணங்களிற் பலவும் தோட்டக் கந்தோரிலேயே இருந்தன. ஆகவே தொழிலாளி, தன் உழைப்பைச் சுரண்டிய நிர்வாகத்திடமே, தான் இந்நாட்டில் வாழ்ந்தமைக்கான அத்தாட்சியையும் வேண்டி நிற்க நேர்ந்தது.

1954 ஜனவரியில் கைச்சாத்திடப்பட்ட நேரு-கொத்தலாவல ஒப்பந்தம், நிலுவையிலுள்ள விண்ணப்பங்களை இரண்டு ஆண்டுகளுக்குள் முடிக்க முயற்சி எடுக்கப்படும் என்றது. அவ்வாறு நிகழவில்லை. பரிசீலனை 1960களின் தொடக்கம் வரை நீடித்தது. முடிவில் பிரசாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 134,000 பேர். அதாவது விண்ணப்பங்களில் அடங்கியோருள் ஆறிலொரு பங்கினரே.

இக்கால இடைவெளியில் நிகழ்ந்தவை கவனத்துக்குரியன. 1949ஆம் ஆண்டின் தேர்தற் சட்டத் திருத்தம் வாக்குரிமையைப் பிரசாவுரிமையுடன் பிணைத்தது. 1947இல் ஏழு ஆசனங்களை வென்ற இலங்கை இந்தியன் காங்கிரஸ் 1952இல் ஒன்றையேனும் பெறவில்லை. அவ்வாண்டு கொழும்பில் நடத்திய சத்தியாக்கிரகமும் நிலைமையை மாற்றவில்லை. 1956இலும், 1960இல் இருமுறையும் பொதுத்தேர்தல்கள் வந்து சென்றன. நிராகரிக்கப்பட்டவருக்கு மேன்முறையீடாவது உண்டு. நிலுவையில் வைக்கப்பட்டவருக்கு அதுவும் இல்லை. வாக்கற்ற இக்காலம் முழுவதும் அவர்தம் உழைப்புத் தடையின்றித் தொடர்ந்தது. தேயிலைப் பொருளாதாரத்துக்குத் தேவைப்பட்டவர் தொழிலாளரேயன்றிப் பிரசைகள் அல்லர் என்ற உண்மை இங்குத் தெளிவாகின்றது.

1964 அக்டோபர் 30இல் கைச்சாத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் இத்தாமதத்துக்குப் புதியதொரு வடிவம் தந்தது. 975,000 பேருள் 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிடப்பட்டனர். எஞ்சிய 150,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். ஏழு பேர் இந்தியா சென்றால் நான்கு பேருக்கு இங்குப் பிரசாவுரிமை என்ற விகிதம், ஒருவரின் எதிர்பார்ப்பை மற்றவரின் வெளியேற்றத்தோடு பிணைத்தது. ஒரே லயத்தில் வாழ்ந்தவர்களின் நலன்களை எதிரெதிராக நிறுத்துவதற்கு இதனிலும் நுட்பமான வழி வேறில்லை. 1984இல் தலைமன்னார்-இராமேஸ்வரம் கப்பற் சேவை நின்றபோது, இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றும் புறப்பட முடியாதோர் தோட்டங்களிலேயே தங்கினர்.

இடதுசாரி இயக்கம் தன்னிடமும் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள வேண்டியுள்ளது. 1948இல் பிரசாவுரிமைச் சட்டத்தை எதிர்த்து நின்ற லங்கா சமசமாஜக் கட்சி, 1964 ஒப்பந்தம் கைச்சாத்தான வேளையில் அமைச்சரவையில் அங்கம் வகித்தது. வாக்கில்லாத தொழிலாளர் பாராளுமன்றக் கணக்கில் இடம்பெறாது போயினர். நீண்ட தாமதம் எதிரிகளின் கரத்தை வலுப்படுத்தியதோடு, நண்பர்களின் நினைவையும் மங்கச் செய்தது எனலாம்.

1986, 1988 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களும் இறுதியாக 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் நாடற்ற நிலையைப் பெரிதும் நீக்கின. முதற் சட்டத்திலிருந்து இதற்கு 55 ஆண்டுகள் சென்றன. அவ்வாண்டுகளில் இழக்கப்பட்ட வாக்குகளையும் பிரதிநிதித்துவத்தையும் எச்சட்டமும் மீட்டளிக்கவில்லை. காணி, வீடு, கூலி தொடர்பாக மலையக மக்கள் இன்றும் முன்வைக்கும் கோரிக்கைகளை இவ்விழப்பிலிருந்து பிரித்து ஆராய்தல் பொருந்தாது.