பறிக்கவொண்ணாக் கல்வி: பேராசிரியர் லெவியின் வரலாறு

வெள்ளிவிழாக் காணும் நம் கல்விச் சங்கத்தின் இம்மலரில், செருமானியக் கணித அறிஞர் ஒருவரை நாம் நினைவுகூர விழைகிறோம். பிறப்பின் பெயரால் தாய்நாட்டில் பணியிழந்த அவர், நம் நாட்டில் ஏறத்தாழ 16 ஆண்டுகள் ஆசிரியராக விளங்கியவர்.

பிரீட்ரிக் வில்ஹெல்ம் லெவி 1888 பிப்ரவரி 6ஆம் நாள், அன்று செருமானிய ஆட்சிக்குட்பட்டிருந்த மூல்ஹவுசன் நகரில் பிறந்தார். 1911இல் ஸ்ட்ராஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். முதல் உலகப் போரில் பீரங்கிப் படையில் பணிபுரிந்து, இரும்புச் சிலுவை என்னும் விருதினையும் பெற்றார். 1920 முதல் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் கற்பித்து வந்தார். அவர் யூதக் குடியிற் பிறந்தவர். போரில் ஆற்றிய தொண்டும், 15 ஆண்டு ஆசிரியப் பணியும் இட்லர் ஆட்சியின் கண்ணுக்குத் தெரியவில்லை. பிறப்பு ஒன்றே தெரிந்தது. 1935இல் பதவி பறிக்கப்பட்டது. கணிதப் பேரறிஞர் எம்மி நோதர் அம்மையாரும் இவ்வாறே 1933இல் பணி இழந்தார்.

அவ்வேளையில் கல்கத்தாப் பல்கலைக்கழகம் லெவியைக் கணிதத்துறைத் தலைவராக அழைத்தது. புதிய இயற்கணிதத்தை அவர் இந்திய மாணாக்கர்க்குப் பயிற்றுவித்தார். எண்ணிக்கைக்கு அடங்கும் புள்ளிகளையும் கோடுகளையும் மட்டுமே கொண்ட வடிவியல் குறித்து 1940இல் சொற்பொழிவுகள் ஆற்றினார்.

இஃது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. நம் சவ்வாது மலையில் விளையும் சாமையையே எடுத்துக்கொள்வோம். ஏழு வகை விதைகளை ஒப்பிட வேண்டும். ஒரு வயலில் மூன்று வகைக்கே இடமுண்டு. ஏழு வயல்கள் இருப்பின், எந்த இரண்டு வகையும் ஒரே ஒரு வயலில் மட்டும் சேர்ந்து வருமாறு விதைக்க இயலும். விதைகளை ஏழு புள்ளிகளாகவும் வயல்களை வேறு ஏழு புள்ளிகளாகவும் குறித்து, எந்த விதை எந்த வயலில் என்பதைக் கோடிட்டு இணைத்தால் வரும் படத்திற்கு இன்றும் லெவியின் பெயரே வழங்குகிறது. இத்துறையில் ஆய்ந்த ராஜ் சந்திர போஸ், 1959இல் இருவருடன் கூடி, ஆய்லர் என்னும் மேதை 1782இல் வெளியிட்ட கருத்தொன்று தவறென நிறுவினார்.

1948இல் லெவி பம்பாயிலுள்ள டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் பேராசிரியரானார். பிறப்பால் வேற்றுமை காட்டுவதை விலக்கிய நம் அரசியலமைப்பு 1950 சனவரி 26இல் நடைமுறைக்கு வந்தபோது அவர் இந்நாட்டில்தான் இருந்தார். 1952இல் தாயகம் திரும்பிப் பெர்லினில் மீண்டும் பேராசிரியரானார். 1966 சனவரி முதல் நாள் மறைந்தார்.

நெல்லிவாசல்நாட்டு இளைஞர்களே! “கணக்கு நமக்கு வராது” என்று பிறர் சொல்லக் கேட்டு, அதனை நாமே நம்பிவிடுவது பெருங்கேடு. லெவியின் நாற்காலியைப் பறித்தவர்களால் அவர் கற்றதைப் பறிக்க இயலவில்லை. அக்கல்வி கடல் கடந்து வந்து பிறர்க்கும் பயன்பட்டது. பிறப்பைக் காட்டி வாயில் அடைத்தோரை நம் மூதாதையரும் கண்டவர்கள்தாம். அடைபட்ட வாயில்கள் இன்று சட்டத்தால் திறந்துள்ளன. உள்ளே சென்று அமர வேண்டியவர்கள் நாமே.