புற்றுநோயாளியின் மூளையில் ஒரு கட்டி: பரவலா, வேறா?

நுரையீரல், மார்பகம், சிறுநீரகம் ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோயும், மெலனோமா என்னும் தோல் புற்றுநோயும் மூளைக்குப் பரவக் கூடியவை. எனவே இந்நோய் கண்டவரின் ஸ்கேனில் மூளைக்கட்டி ஒன்று தெரிந்தால், 'பரவிவிட்டது' என்ற எண்ணமே முதலில் எழும். பெரும்பாலும் அது சரியே, எப்போதும் அல்ல. பரவல் என்றால் நோய் நான்காம் கட்டத்தை எட்டிவிட்டது என்று பொருள். தீங்கற்ற கட்டி என்றால், முதல் நோயைக் குணப்படுத்தும் வாய்ப்பு அதனால் குறைவதில்லை. சிகிச்சையின் திசையே இந்த வேறுபாட்டைப் பொறுத்தது.

அமெரிக்காவில் பாட்செல் குழுவினர் 1990-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. மூளையில் ஒற்றைப் பரவல் இருப்பதாக ஸ்கேன் காட்டிய 54 புற்றுநோயாளிகளின் திசுவைச் சோதித்தபோது, 6 பேருக்கு அது பரவலே அல்ல. வேறொரு கட்டியோ, அழற்சியோ, கிருமித் தொற்றோதான் இருந்தது.

படத்தில் முதலில் கவனிக்க வேண்டியது இடம். புற்றணுக்கள் இரத்தத்தின் வழியே வந்து, நாளங்கள் குறுகும் இடத்தில் தங்குகின்றன. ஆகவே பரவல் கட்டிகள் மூளையின் சாம்பல்நிறப் பகுதியும் வெண்பகுதியும் சந்திக்கும் எல்லையில் அதிகம் காணப்படும். உருண்டையாக, பலவாக, அளவுக்கு மீறிய நீர்வீக்கத்துடன் இருக்கும். காடோலினியம் செலுத்தி எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில் பல நேரம் வளையம்போல் ஒளிரும்.

மெனிஞ்சியோமா அப்படியல்ல. 1922-இல் ஹார்வி குஷிங் பெயரிட்ட இக்கட்டி மூளைக்கு வெளியே, மூளையுறையில் அகன்று அமர்ந்து வளர்வது. பெரும்பாலும் தீங்கற்றது. சீராக ஒளிரும், கட்டிக்கும் மூளைக்கும் இடையே மெல்லிய நீர்க்கோடு தெரியலாம், அருகிலுள்ள எலும்பு தடித்திருக்கலாம், உறையில் வால்போல் ஒரு நீட்சி காணப்படலாம்.

சிக்கலும் இங்கேதான். மார்பகப் புற்றும் புராஸ்டேட் புற்றும் மூளையுறைக்கே பரவி, அதே வாலுடன் மெனிஞ்சியோமாவைப் போல் வேடமிடும். மறுபுறம், மார்பகப் புற்று கண்ட பெண்களிடம் மெனிஞ்சியோமாவும் இருப்பது அரிதல்ல. ஆகவே ஒரே அடையாளத்தை நம்பி முடிவெடுக்க இயலாது.

அப்போது காலம் உதவுகிறது. பரவல் சில வாரங்களிலேயே வளர்ந்து காட்டும். தீங்கற்ற மெனிஞ்சியோமா ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். சொமட்டோஸ்டாட்டின் ஏற்பிகளைக் காட்டும் பெட் ஸ்கேனும் துணை செய்யும். ஆனால் சில பரவல்களும் அதில் ஒளிரும் என்பதை மறக்கலாகாது. ஐயம் தீராமல், விடையால் சிகிச்சை மாறும் என்றால், திசுச் சோதனையே இறுதிச் சொல்.

நாடு விட்டு நாடு வந்தவர்களுக்கு இதில் ஒரு செய்தி உண்டு. ஐந்தாண்டுகளுக்கு முன் வேறு காரணத்துக்காக எடுத்த தலை ஸ்கேனில் இதே கட்டி இதே அளவில் இருந்தால், அது பரவலாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. பழைய படங்களைப் பத்திரப்படுத்தி, புதிய மருத்துவரிடம் காட்டுங்கள்.