உடலின் பழக்கம்: அரபு மருத்துவ மரபில் உணவும் உறக்கமும்

நோய் குடியிருக்கும் வீடு இரைப்பை என்றும், மருந்துகளுக்கெல்லாம் தலையானது பத்தியம் என்றும் பொருள்படும் அரபு முதுமொழியொன்று நம் சொற்பொழிவு மேடைகளில் அடிக்கடி எடுத்தாளப்படுகிறது. பெரும்பாலும் நபிமொழி என்ற அறிமுகத்தோடுதான் அது வரும். இதில் இரண்டு பிழைகள் நேர்ந்துள்ளன. அது நபிமொழியன்று என்பது ஒன்று. அம்முதுமொழிக்கு மூன்றாவது உறுப்பொன்று உண்டு, அது மேடைவரை வந்து சேரவில்லை என்பது மற்றொன்று. எந்த உடல் எதற்குப் பழகியிருக்கிறதோ அதனையே அவ்வுடலுக்கு அளித்துவர வேண்டும் என்பதே அந்த மூன்றாம் உறுப்பின் கருத்து. முதலிரண்டும் எந்நாட்டு மருத்துவமும் சொல்லக்கூடியவை. மூன்றாவதோ அரபு மொழியில் எழுதிய மருத்துவர்கள் பல நூற்றாண்டுகள் விடாது எண்ணிப் பார்த்த செய்தி.

சொல்லின் பிறப்பை முதலில் காண்போம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் சிறு சொல்மாற்றத்துடன் இதனை நபிமொழியாகவே குறித்துள்ளார். இஹ்யாவிலுள்ள நபிமொழிகளை ஒவ்வொன்றாக ஆய்ந்த ஹாபிழ் ஸைனுத்தீன் அல்-இராக்கீ (இறப்பு ஹி. 806 / கி.பி. 1404), இதற்கு எந்த மூலத்தையும் தாம் காணவில்லை என்று சுருங்க எழுதிவிட்டார். அவருக்கு முன்பே டமாஸ்கஸ் அறிஞர் இப்னுல் கைய்யிம் (கி.பி. 1292–1350), ‘ஸாதுல் மஆத்’ நூலின் மருத்துவப் பகுதியில், இது அரபுகளின் மருத்துவராகிய ஹாரிஸ் இப்னு கலதாவின் கூற்று என்றும், இதனை நபி (ஸல்) அவர்களோடு இணைப்பது சரியன்று என்றும் தெளிவுபடுத்தியிருந்தார்.

ஹாரிஸ், தாயிஃப் நகரத்து ஸகீஃப் குலத்தவர். ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரலி) நோயுற்றபோது அவரிடம் செல்லுமாறு நபியவர்கள் பணித்த செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. மருந்து யாது என்று உமர் (ரலி) வினவ, ‘அஸ்ம்’ என்ற ஒரே சொல்லில் அவர் விடையிறுத்ததாகவும் கூறுவர். பல்லைக் கடித்து வாயை மூடிக்கொள்ளுதல், அதாவது உணவைத் தவிர்த்தல், என்பது அதன் பொருள். அவர் பாரசீகத்து ஜுந்திஷாபூரில் பயின்றார் என்பதையும், மன்னர் அனூஷிர்வானோடு உடல்நலம் பற்றி உரையாடினார் என்பதையும் இன்றைய வரலாற்றாய்வாளர் பலர் ஐயுறுகின்றனர். அந்த உரையாடலைப் படிப்பவர்க்கு, பிற்கால எழுத்தாளரின் கைவண்ணம் அதில் புலப்படவே செய்யும்.

நபிமொழியன்று என்று தீர்ப்பளித்த இப்னுல் கைய்யிம் அதன் கருத்தைத் தள்ளிவிடவில்லை என்பது கவனிக்கத்தக்கது. உணவில் பழக்கத்துக்குள்ள இடத்தை நபியவர்களின் வாழ்விலிருந்தே அவர் எடுத்துக்காட்டுகிறார். பொரித்த உடும்பிறைச்சி முன்வைக்கப்பட்டபோது நபியவர்கள் கையை எடுத்துக்கொண்டார்கள். அது விலக்கப்பட்டதா என்று காலித் இப்னுல் வலீத் (ரலி) கேட்டார். விலக்கப்பட்டதன்று, தம் சமூகத்தார் வாழும் நிலத்தில் அது இல்லாததால் தம் மனம் அதனை ஒப்பவில்லை என்று பெருமானார் விளக்கினார்கள். காலித் அதனைத் தம் பக்கம் இழுத்து உண்டார், நபியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புகாரீயும் முஸ்லிமும் பதிவு செய்துள்ள இந்நிகழ்ச்சியைச் சட்ட அறிஞர்கள் உணவின் ஆகுமை பற்றிய சான்றாகக் கொள்வர். மருத்துவம் எழுதவந்த இப்னுல் கைய்யிமோ, பழகாத உணவை உடலின் மீது திணிக்கலாகாது என்பதற்குச் சான்றாகக் கொண்டார்.

உறக்கத்துக்கும் இவ்வாறே ஓர் ஒழுங்கு இருந்தது. இஷாத் தொழுகைக்கு முன் உறங்குவதையும், அதற்குப் பின் வீண்பேச்சில் அமர்வதையும் நபியவர்கள் விரும்பவில்லை என்று அபூபர்ஸா (ரலி) அறிவிக்கிறார். ஜும்ஆ நாளில் பகலுணவும் கைலூலா என்னும் நண்பகல் ஓய்வும் தொழுகைக்குப் பிறகே என்பது ஸஹ்ல் இப்னு ஸஅத் (ரலி) அவர்களின் செய்தி. இரவெல்லாம் நின்று வணங்க முனைந்த அபுத்தர்தா (ரலி) அவர்களை அவருடைய தோழர் ஸல்மான் (ரலி) தடுத்து, முன்னிரவில் உறங்கச் செய்து, இரவின் இறுதியில் எழுப்பினார். அதனை நபியவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். ஆர்வத்தின் வேகம் நிலைத்த வழக்கமாக மாறவேண்டுமாயின் அதற்கோர் அளவு வேண்டும் என்பதை அத்தோழர் கண்டிருந்தார்.

மருத்துவ நூல்களுக்கு இக்கருத்து வேறொரு வாயில் வழியாகவும் வந்தது. கிரேக்க மருத்துவர் காலன், அரபியில் ஜாலீனூஸ், பழக்கங்கள் பற்றித் தனிநூலே எழுதியிருந்தார். குளிர்ந்த நீருக்குப் பழகாத மித்திலீன் நகரத்துத் தத்துவ அறிஞரொருவர், நோயுற்றபோதும் அதனைக் குடிக்க மறுத்த செய்தி அதில் பேசப்படுகிறது. அந்நூல் ஒன்பதாம் நூற்றாண்டில், ஹுனைன் இப்னு இஸ்ஹாக் (கி.பி. 809–873) என்னும் பேரறிஞரைச் சூழ்ந்திருந்த மொழிபெயர்ப்பாளர்களின் உழைப்பால் அரபியாக்கம் பெற்றது. ஹுனைன் மாணவர்க்கென வினாவிடையாக எழுதிய நூல், உடலை இடைவிடாது மாற்றும் ஆறு காரணிகளை வகுத்துரைக்கிறது: காற்று, உண்பதும் பருகுவதும், இயக்கமும் ஓய்வும், உறக்கமும் விழிப்பும், கழிவுகளின் வெளியேற்றமும் தேக்கமும், மன உணர்ச்சிகள். ‘அஸ்பாப் ஸித்தா ளரூரிய்யா’ என்ற பெயரில் இன்றும் யூனானி மாணவர் இவற்றைப் பயில்கின்றனர். எவராலும் தவிர்க்கவியலாதவை என்பதால் ‘இன்றியமையாத ஆறு’ என்றனர். காற்றின்றியும் உறக்கமின்றியும் எவரும் இரார். ஆதலின் நலமும் நோயும் இவற்றின் அளவைப் பொறுத்தன.

இந்த ஹுனைனின் அன்றாட வாழ்க்கையை வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்து வைத்தது நம் நற்பேறு. இப்னு அபீ உஸைபிஆவும் இப்னு கல்லிகானும் தரும் சித்திரம் இது: நாள்தோறும் குதிரைச் சவாரி முடிந்ததும் குளியலறை சென்று நீராடுவார், போர்வை போர்த்து வெளிவந்து ஒரு கோப்பை மது அருந்தி, ஒரு காய்ந்த ரொட்டி உண்டு, வியர்வை அடங்கும்வரை சாய்ந்திருப்பார். சில வேளை கண்ணயர்வார். பின் எழுந்து நறும்புகையிட்டுக்கொள்வார். அப்போது உணவு வரும்: ஸீர்பாஜ் என்னும் குழம்பில் வெந்த கொழுத்த கோழி ஒன்று, 200 திர்ஹம் எடையுள்ள ரொட்டி ஒன்று. நம் கணக்கில் அந்த ரொட்டி ஏறத்தாழ 600 கிராம் வரும். குழம்பைச் சிறிது உறிஞ்சி, கோழியையும் ரொட்டியையும் உண்டு உறங்கிவிடுவார். எழுந்த பின் பழைய மது நான்கு ரத்தல். பழம் உண்ண விரும்பினால் சிரியா நாட்டு ஆப்பிளும் சீமை மாதுளையும். இறக்கும்வரை இதுவே அவர் வழக்கம் என்று அக்குறிப்பு முடிகிறது.

கிறிஸ்தவராகிய அவருடைய மது நமக்கு ஆகாது; முழுக்கோழியை இன்றைய மருத்துவரும் ஒப்பமாட்டார். ஆயினும் இதனை எழுதிவைத்தவர்கள் வியந்தது உணவின் அளவை மட்டுமன்று. சவாரி, நீராடல், ஓய்வு, உணவு, உறக்கம் என்ற வரிசை ஒருநாளும் பிறழாததையும்தான். காலனின் நூல்களை நூற்றுக்கும் மேலாக ஆய்ந்து மொழிபெயர்க்கும் உழைப்பை அந்த வரிசை தாங்கிற்று.

இப்னு சீனா (கி.பி. 980–1037) தம் ‘அல்-கானூன்’ முதல் பாகத்தில் இதனை விதியாக்கினார். பசி சிறிது எஞ்சியிருக்கும்போதே கையெடுத்துவிட வேண்டும் என்பது அவர் கருத்து. இரண்டு நாளில் மூன்று வேளை, அதாவது ஒருநாள் காலையும் மாலையும், மறுநாள் நண்பகலில் மட்டும், உண்பதே சிறந்தது என்றும் எழுதினார். ஆனால் அடுத்தே தம் விதிக்குத் தாமே வேலியிடுகிறார்: நாளுக்கு இருவேளை பழகியவர் ஒருவேளையாகக் குறைத்தால் தளர்ந்துபோவார். பகலுறக்கம் தீயது, பல நோய்களைத் தருவது என்று கடுமையாகச் சொன்னவர், அதற்குப் பழகிவிட்டவர் திடீரென அதனைக் கைவிடுவதும் நன்றன்று, படிப்படியாகவே விடவேண்டும் என்று சேர்த்தார். தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும் என்ற நம் பழமொழிக்கும் இதற்கும் சிறு வேறுபாடு உண்டு. பழமொழி பழக்கத்தை மாறாதது என்கிறது. மருத்துவரோ மாற்றக்கூடியது, ஆனால் ஒரே நாளில் அன்று என்கிறார்.

இதனைக் கொண்டு, இன்றைய அறிவியலை அன்றே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று நாம் மார்தட்ட வேண்டியதில்லை. நான்கு ரசங்கள், சூடு, குளிர்ச்சி என்னும் அடிப்படையில்தான் அவர்கள் எண்ணினார்கள். அவ்வடிப்படையை இன்றைய உடலியல் ஏற்பதில்லை. உயிரணுக்களுக்குள் இயங்கும் நாட்கடிகாரத்தின் மூலக்கூறு இயக்கத்தை விளக்கியோர்க்கு 2017ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பட்டது. அந்த அறிவு கானூனில் இல்லை. கானூனில் இருப்பது நோயாளிகளை நெருங்கிக் கண்டவரின் அனுபவம்.

பக்தாத் கிறிஸ்தவ மருத்துவர் இப்னு புத்லான் (இறப்பு கி.பி. 1066) வேறொரு வழி கண்டார். கெய்ரோவுக்குச் சென்று, கோழிக்குஞ்சின் இயல்பான சூடு பற்றிய வினாவில் இப்னு ரிள்வானோடு பெரும்போர் தொடுத்தவர் அவர். பின்னர் அந்தாக்கியாவில் துறவுமடம் புகுந்தார். அவருடைய ‘தக்வீமுஸ் ஸிஹ்ஹா’ உணவும் உறக்கமும் உள்ளிட்ட 280 பொருள்களைப் பட்டியலுக்கு ஏழாக 40 பட்டியல்களில் அடக்கியது. மக்களுக்கு வேண்டியது பயனே, வாதமும் இலக்கணமும் அல்ல என்று கருதியே கட்டங்கள் வரைந்தார். வானியலாரின் பஞ்சாங்க முறை அது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் இலத்தீனுக்குப் பெயர்ந்து, 1531இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் அச்சேறியது. ‘தக்வீம்’ என்ற சொல்லே இத்தாலிய மொழியில் சிறு குறிப்பேட்டைக் குறிக்கும் ‘தக்குயீனோ’ ஆயிற்று.

ஸலாஹுத்தீன் அய்யூபியின் மூத்த மகன் அல்-அஃப்ளல், மலச்சிக்கலாலும் மனச்சோர்வாலும் வருந்தி யூத மருத்துவர் மூஸா இப்னு மைமூனிடம் ஆலோசனை கேட்டார். ஏறத்தாழ 1198இல் அரபியில் எழுதப்பட்ட அவருடைய விடை, நலம் பேணுவதற்கும் நோய் தீர்ப்பதற்கும் பழக்கமே பேரடிப்படை என்றும், நல்லதொன்றுக்காயினும் ஒரே பாய்ச்சலில் மாறலாகாது என்றும் அரசருக்கு அறிவுறுத்துகிறது.

ஆயினும் படிப்படியாக என்றால் எவ்வளவு? இதற்கு எண்ணால் விடை தந்தவர் மருத்துவரல்லாத இமாம் கஸ்ஸாலி (கி.பி. 1058–1111). நாளுக்கு இரண்டு ரொட்டி உண்பவர் ஒன்றாகக் குறைக்க விரும்பினால், ஒரு ரொட்டியின் ஏழிலொரு பங்கில் காற்பங்கை, அதாவது 28இல் ஒரு பங்கை, அல்லது 30இல் ஒன்றை, நாள்தோறும் குறைத்துவரட்டும் என்கிறார். ஒரு மாதத்தில் ஒரு ரொட்டி குறைந்துவிடும். உடலுக்கு இடரும் இராது, குறைந்ததன் அடையாளமும் தெரியாது. ஹாரிஸின் கூற்றை நபிமொழியெனக் கொண்டதில் இமாமுக்குச் சறுக்கல் நேர்ந்திருக்கலாம். அதன் மூன்றாம் உறுப்பின் பொருளை அவரளவு நுட்பமாகக் கணக்கிட்டவர் எவருமிலர்.

அதே இஹ்யாவின் நோன்புப் பகுதியில் தம் காலத்து மக்களை அவர் கண்டிக்கிறார். பல மாதங்களில் உண்ணாதவற்றையெல்லாம் ரமளானுக்கெனச் சேர்த்துவைத்து இரவில் உண்பதும், பசி தெரியாதிருக்கப் பகலெல்லாம் உறங்குவதும் அன்றே வழக்கமாகியிருந்தன. பகலில் விட்ட உணவை இரவுணவோடு கூட்டி உண்பவர்க்கு நோன்பின் பயன் எங்ஙனம் கிட்டும் என்று அவர் கேட்கிறார்.