முகாம் டிரெய்லரை மலைப்பாதையில் இழுத்துச் செல்லுதல்

படுக்கை, சமையல் மேடை, தண்ணீர்த் தொட்டி முதலிய வசதிகளைத் தன்னகத்தே கொண்டு, தனக்கென எஞ்சின் ஏதுமின்றி, காரினாலோ பிக்கப் வண்டியினாலோ இழுக்கப்படும் சக்கர வீடே முகாம் டிரெய்லர் எனப்படுவது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில், போலஸ் ரோடு சீஃப் (1934), ஏர்ஸ்ட்ரீம் கிளிப்பர் (1936) போன்ற அலுமினிய வண்டிகள் தோன்றிய காலந்தொட்டு, விடுமுறை நாட்களில் குடும்பத்தோடு இவ்வண்டியை இழுத்துக்கொண்டு ராக்கி மலைகளுக்கும் சியரா நெவாடாவுக்கும் பிரயாணம் செய்வது வேரூன்றிய வழக்கமாயிற்று. சமவெளியில் டிரெய்லரை இழுப்பது பெரும்பாலும் எஞ்சினின் வேலை. மலையிலோ அது பிரேக்கின் வேலையாகிவிடுகிறது. ஏறுவதற்குரிய சக்தி போதாதபோது வண்டி நின்றுவிடும். இறங்குகையில் தடுக்கும் சக்தி போதாவிடில் அது நிற்கவே நிற்காது. ஆகையால் இத்துறையின் விதிகளுள் முக்கியமானவை யாவும் இறக்கத்தை முன்னிட்டே பிறந்தவை எனக் கொள்வது தகும்.

பாரத்தை எங்ஙனம் அடுக்குவது என்பது புறப்படுமுன் தீர்க்கவேண்டிய விஷயம். டிரெய்லரின் முன்தண்டு காரின் கொக்கியில் அமரும் இடத்தில், டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை அழுந்தவேண்டும். 3,000 கிலோ எடையுள்ள வண்டியானால் அது 300 முதல் 450 கிலோவாகும். இதற்குக் குறைந்தால் பின்பாரம் மிகுந்து, பக்கவாட்டுக் காற்றடித்த மாத்திரத்தில், அல்லது பெரிய லாரியொன்று உராய்வதுபோல் கடந்து சென்ற மாத்திரத்தில், டிரெய்லர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும்; வேகம் மிகுந்த இறக்கத்தில் அவ்வாட்டம் தானே வளர்ந்து காரையும் சேர்த்துப் புரட்டிவிட வல்லது. பாரம் அளவுக்கு மிஞ்சினாலோ காரின் பின்புறம் தாழ்ந்து, முன்சக்கரங்கள் தரையில் பதியும் வலிமையை இழப்பதால், வளைவில் ஸ்டியரிங் சொன்னபடி கேட்பதில்லை. பின்புறம் தாழ்வதைத் தணிக்க, வளைந்துகொடுக்கும் எஃகுத் தண்டுகளைக் கொண்டு கொக்கியின் பாரத்தில் ஒரு பகுதியைக் காரின் முன்அச்சுக்கும் டிரெய்லரின் அச்சுகளுக்கும் பகிர்ந்தளிக்கும் ஹிட்ச் எனும் இணைப்புச் சாதனம் ஒன்று உண்டு. எனினும், எந்தச் சாதனமும் தவறாக அடுக்கிய சாமான்களுக்குப் பரிகாரமாகாது. அச்சுக்குப் பின்னால் அமைந்த 150 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை நிரப்புவதாலேயே கொக்கியின் எடை குறைந்துபோகக்கூடும் என்பதைப் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை. சாமான்களையெல்லாம் ஏற்றிய பின் எடைமேடையில் நிறுத்துப் பார்ப்பதற்கு நிகரான முன்னேற்பாடு வேறில்லை.

அமெரிக்க முகாம் டிரெய்லர்களில் பெரும்பாலானவற்றின் பிரேக் மின்சாரத்தால் இயங்குவது. சக்கரத்தின் உருளைக்குள் உள்ளங்கையளவான மின்காந்தம் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். ஓட்டுபவர் பிரேக்கை மிதித்ததும், காரின் முகப்புப் பலகையடியில் உள்ள கருவி மின்னோட்டத்தை அனுப்ப, அக்காந்தம் சுழலும் உருளையின் முகத்தில் ஒட்டிக்கொண்டு, அதனோடு சிறிது இழுபட்டு, ஒரு நெம்புகோலைத் தள்ள, பிரேக் கட்டைகள் விரிந்து உருளையை இறுகப் பற்றுகின்றன. கொக்கி கழன்று டிரெய்லர் தனியே பிரிந்துபோகும் விபரீதத்துக்கென மற்றொரு காவலும் உண்டு: மெல்லிய கம்பிவடத்தின் நுனியிலுள்ள சிறு முளை, வண்டி பிரிந்த கணத்தில் பிடுங்கப்பட்டு, டிரெய்லரின் சொந்த பேட்டரியே பிரேக்கை அழுத்தச் செய்துவிடும். அவ்வடத்தைக் கழற்றக்கூடிய ஹிட்ச்சில் மாட்டாமல், காரோடு நிலையாகப் பொருந்திய இரும்பில் மாட்டுவது அவசியம். ஏனெனில் ஹிட்ச்சே உருவிக்கொண்டு வந்துவிட்டால் வடமும் அதனோடு போய்விடும், முளை பிடுங்கப்படாமலே கிடக்கும். பாதுகாப்புச் சங்கிலிகள் இரண்டையும் முன்தண்டின் கீழே குறுக்காக மாற்றிப் பூட்டுவது, தண்டு கழன்று விழும்போது தரையில் குத்தாமல் தொட்டிலில் தாங்கப்படுவதுபோல் நிற்பதற்காக.

ஏற்றத்தைப் பற்றிச் சொல்லவேண்டியது சிறிதே. டர்போ இல்லாத எஞ்சின், காற்றின் அடர்த்தி குறைவதால், உயரம் 1,000 அடி கூடுந்தோறும் ஏறத்தாழ 3 சதவீத ஆற்றலை இழக்கிறது. 11,000 அடியில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. தாழ்ந்த கியரில், உஷ்ணமானியைக் கவனித்தவாறு நிதானமாக ஏறி, பின்வரும் வண்டிகளுக்கு ஒதுங்குதுறைகளில் வழிவிடுவதே முறை. கலிபோர்னியாவின் இருவழிச் சாலையில், முந்திச் செல்ல இடமில்லாத நிலையில், மெதுவாகச் செல்லும் வண்டியின் பின்னே ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட வண்டிகள் சேர்ந்துவிட்டால் ஒதுங்கியே ஆகவேண்டும் என்பது சட்டம்.

இறக்கத்தின் இயல்பை அறிய, கொலராடோ மாநிலத்தில் 1973-இல் திறக்கப்பட்ட ஐசனோவர் சுரங்கப்பாதையை எடுத்துக்கொள்ளலாம். 11,000 அடிக்கு மேலான உயரத்தில் மலையைக் குடைந்து செல்லும் அப்பாதையின் மேற்கு வாயிலிலிருந்து சில்வர்தோர்ன் ஊரை நோக்கி இறங்கும் நெடுஞ்சாலை, ஏறத்தாழ 8 மைல் தூரத்துக்குள் 2,000 அடிக்கு மேல் தாழ்கிறது. காரும் டிரெய்லருமாக 5,500 கிலோ எடை 600 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் சக்தி, ஏறத்தாழ 95 லிட்டர் குளிர்ந்த நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. அச்சக்தியில் காற்றும் சாலையும் உறிஞ்சியது போக எஞ்சியதை எஞ்சினோ பிரேக்கோ ஏற்றாகவேண்டும். முழுவதையும் பிரேக்கின் தலையில் சுமத்தினால், கட்டைகளின் உராய்வு குன்றுவதோடு, ஆண்டுக்கணக்கில் ஈரத்தை உறிஞ்சிய பிரேக் எண்ணெய் கொதித்து ஆவியாகி, மிதிபலகை தடையின்றித் தரைவரை அமிழ்ந்துவிடும். டாட் 3 வகை எண்ணெயின் கொதிநிலை, புதிதாக இருக்கையில் 205 டிகிரி செல்சியசுக்குக் குறையக்கூடாது என்பது விதி. ஈரமேறியதற்கு விதிக்கப்பட்ட எல்லையோ 140 டிகிரிதான். மலைப் பிரயாணத்துக்கு முன் அவ்வெண்ணெயை மாற்றுவது இதனாலேயே.

ஆகவே வேகம் பிடித்த பின் கியரைத் தேடாமல், உச்சியிலேயே வேகத்தைக் குறைத்துத் தாழ்ந்த கியரில் இறங்கத் தொடங்கவேண்டும். அப்படியும் வேகம் கூடினால், பிரேக்கின் மேல் காலை ஓயாமல் வைத்திராது, உறுதியாக ஒருமுறை மிதித்து, இறங்கத் தேர்ந்த வேகத்துக்கு மணிக்கு 5 மைல் கீழே வந்ததும் விட்டுவிட்டு, மீண்டும் கூடும்வரை பிரேக்கை ஆறவிடுவது நெடுநாள் லாரி ஓட்டுநர்கள் கைக்கொள்ளும் முறை. டிரெய்லர் ஆடத் தொடங்கும்போது காரின் பிரேக்கை ஓங்கி மிதிக்கத் தோன்றும், மிதிக்கலாகாது. ஸ்டியரிங்கை நேராகப் பற்றிக்கொண்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, டிரெய்லரின் பிரேக்கை மட்டும் கையால் இயக்கினால், பின்னே இழுபட்ட வண்டி நேராகிவிடும். எல்லாம் கைமீறிய வண்டிக்கென்று, ஆழமாகச் சரளைக்கல் நிரப்பிய அவசரப் பாதைகள் மேற்சொன்ன சில்வர்தோர்ன் இறக்கத்தின் ஓரத்தில் உள்ளன. லாரிகளுக்கானவை என்று எண்ணி டிரெய்லர்காரர் தயங்க வேண்டியதில்லை; உயிரைவிட வண்டி பெரிதன்று.

கொண்டை ஊசி வளைவில் டிரெய்லரின் சக்கரங்கள் காரின் தடத்தைப் பின்பற்றாமல் உட்புறமாகக் குறுக்கே வெட்டுமாதலால், கார் வெளிவிளிம்பை ஒட்டி, ஆயின் எதிர்வழியில் புகாமல், திரும்பவேண்டும். கொலராடோவின் யூரே, சில்வர்டன் ஊர்களுக்கிடையே 11,018 அடி உயரத்து ரெட் மவுண்டன் கணவாயைக் கடக்கும் சாலையில், குவியும் பனியை விளிம்புக்கு வெளியே தள்ளுவதற்காகப் பல இடங்களில் தடுப்புச்சுவரே இல்லை. வலப்புறம் ஓட்டும் நாடாகையால், சில்வர்டனிலிருந்து யூரேக்கு வருபவர் மலையை ஒட்டிய வழியைப் பெறுகிறார், எதிர்த்திசையில் செல்பவரோ பள்ளத்தின் ஓரத்தைப் பெறுகிறார். வயோமிங் மாநிலத்து டீட்டன் கணவாயின் சரிவு சில இடங்களில் 10 சதவீதமாதலால், குளிர்காலத்தில் அங்கே டிரெய்லர்களுக்கு அனுமதியில்லை. மொன்டானாவின் கிளேசியர் தேசியப் பூங்காவில் 1933-இல் திறந்துவைக்கப்பட்ட கோயிங் டு த சன் சாலையின் மலைப்பகுதியிலோ, 21 அடி நீளத்துக்கும் 8 அடி அகலத்துக்கும் மேற்பட்ட எவ்வண்டியும், இணைத்த டிரெய்லரையும் சேர்த்து, செல்லக்கூடாது. ஆகவே பெரும்பாலோர் டிரெய்லரை அடிவாரத்து முகாமில் விட்டுவிட்டுக் காரில் மட்டும் ஏறுகின்றனர். நீண்ட பெட்டியுடைய பெரிய பிக்கப் வண்டிகள் சில, டிரெய்லரைக் கழற்றிய பின்னும் அவ்வளவைத் தாண்டுவதால், கண்ணாடியின் அகலம் உட்பட வண்டியை முன்கூட்டியே அளந்துகொள்வது நலம்.