டெண்டுல்கர் காயக்காரரா? – ஒரு வருகைப் பதிவேட்டுக் கணக்கு

மாட்டுங்காவில் காபிக்கும் இட்லிக்கும் அடுத்தபடியாக அதிகம் செலவாவது கிரிக்கெட் பேச்சுதான். போன ஞாயிறு கிங்ஸ் சர்க்கிள் பக்கம் வழக்கமான கடையில் நாங்கள் மூன்று பேர். செம்பூர் நண்பன் ஆரம்பித்தான்.

"என்ன சொல்லு, சச்சின் ஒரு கண்ணாடிப் பாத்திரம்டா. முதுகு, கால் விரல், முழங்கை, தோள்பட்டைன்னு பாதி நாள் ஆஸ்பத்திரியிலேயே இருந்தான்."

"சரி, காயத்தால மொத்தம் எத்தனை டெஸ்ட் ஆடலைன்னு சொல்லு பார்ப்போம்" என்றேன்.

"ஒரு அம்பது இருக்கும்."

இன்னொரு நண்பர் கொஞ்சம் தாராள மனசுக்காரர். முப்பது என்றார். எனக்கும் சரியான எண் தெரியாது. ஆனால் பி.காம். படித்துவிட்டு இருபது வருஷமாக வங்கியில் குப்பை கொட்டுகிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது குத்துமதிப்பாக ஒரு தொகை சொன்னால் ராத்திரி தூக்கம் வராது. வீட்டுக்கு வந்து பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்துவிட்டேன். (வீட்டம்மா பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.)

அலுவலகத்தில் ஒருவர் ஒழுங்காக வந்தாரா என்று பார்க்க என்ன செய்வோம்? வருகைப் பதிவேட்டை எடுப்போம். அதையேதான் செய்தேன். டெண்டுல்கர் முதல் டெஸ்ட் ஆடியது 1989 நவம்பர், கராச்சி. கடைசி டெஸ்ட் 2013 நவம்பர், நம் வான்கடே. இந்த 24 வருஷத்தில் இந்தியா ஆடிய டெஸ்ட்கள் 217. அவர் ஆடியது 200. ஆக, வராத நாட்கள் 17.

ஐம்பதும் இல்லை, முப்பதும் இல்லை. பதினேழு! அதிலும் 2011 மேற்கிந்தியத் தீவுப் பயணத்தின் 3 டெஸ்ட்கள் ஓய்வு வேண்டும் என்று ஒதுங்கியவை. அதைக் கழித்தால் 14. எங்கள் கிளையில் இந்த விகிதத்தில் வேலைக்கு வருகிறவருக்கு யாரும் நோட்டீஸ் கொடுக்க மாட்டார்கள். 217-க்கு 200 என்றால் 92 சதவீதம்!

அப்படியானால் இந்தக் காயக்காரர் பட்டம் எங்கிருந்து வந்தது? அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

முதல் 84 டெஸ்ட்களில் அவர் ஒன்றைக்கூட விடவில்லை. பதினாறு வயதில் ஆரம்பித்து 2001 ஜூன் வரை, பதினொன்றரை வருஷம், இந்தியா எங்கே ஆடினாலும் அவர் இருந்தார். உடம்பு நோகவே இல்லை என்று அர்த்தமில்லை. நோவோடு ஆடினார்.

அதற்குச் சாட்சி நம் சேப்பாக்கம். 1999 ஜனவரி, பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்ட். நான் அப்போது கல்லூரி விடுதியில் இருந்தேன். மெஸ் டிவி முன்னால் உட்கார இடம் கிடைக்காமல் ஜன்னல் திண்டில் தொற்றிக்கொண்டு பார்த்தேன். ஜெயிக்க 271 வேண்டும். 82-க்கு 5 விக்கெட் போய்விட்டது. முதுகு பிடித்துக்கொண்டு நிமிர முடியாமல் அவர் ஆடினார். மோங்கியா துணை நின்றார். 273 பந்தில் 136 அடித்து, இன்னும் 17 ரன்தான் வேண்டும் என்கிற இடத்தில் சக்லைன் பந்தைத் தூக்கி அடித்து அக்ரமிடம் கேட்ச் கொடுத்தார். மிச்சமிருந்த மூன்று விக்கெட்டும் 4 ரன்னுக்குள் விழுந்தன. 12 ரன்னில் தோல்வி. சென்னை ரசிகர்கள் எழுந்து நின்று பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டியதை உலகமே பாராட்டியது. எங்கள் மெஸ்ஸில் அன்று ராத்திரி சாப்பாடு அப்படியே மீந்துபோனது.

இங்கே ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். அந்த முதுகு வலி பதிவேட்டில் லீவாக ஏறவே இல்லை. வருகை என்றுதான் பதிவாகியிருக்கிறது. ஆனால் நம் மனதில் அது காயக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. வேலைக்கு வந்து வலியோடு உட்கார்ந்திருந்ததையே "இவருக்கு உடம்பு சரியில்லை" என்பதற்கு ஆதாரமாக்கிவிட்டோம்!

நிஜமான லீவு 2001 ஆகஸ்டில்தான் தொடங்குகிறது. கால் பெருவிரல் காயம், இலங்கையில் 3 டெஸ்ட் போயிற்று. பிறகு 2004-ல் முழங்கை. நம் ஊரில் டென்னிஸ் எல்போ என்ற வார்த்தையைப் பெட்டிக்கடை வரைக்கும் கொண்டு சேர்த்தவர் இவர்தான். முன்கையின் தசைகள் முழங்கை எலும்பில் வந்து ஒட்டுகிற நாரில், ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வதால் ஏற்படுகிற தேய்மானம் அது. ஒரே நாளில் அடிபட்டு வருவதில்லை. டென்னிஸ் மட்டையைத் தொட்டே பார்க்காத தச்சருக்கும் தையற்காரருக்கும்கூட வரும். தாராவி சந்துகளில் காலை முதல் ராத்திரி வரை மெஷினில் உட்கார்ந்திருக்கும் நம் ஆட்களுக்குப் பேர் தெரியாவிட்டாலும் வலி தெரியும்.

டெண்டுல்கரின் மட்டை சுமார் 1.4 கிலோ. மற்றவர்கள் பொதுவாக 1.2 கிலோவை ஒட்டிப் பிடிப்பார்கள். சிறு வயதில் சிவாஜி பார்க்கில் பயிற்சியாளர் ஆச்ரேகர் அவரைத் தன் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஒரு மைதானத்திலிருந்து இன்னொரு மைதானத்துக்குக் கொண்டுபோய் ஆட வைத்தது மும்பைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதோடு பதினாறு வயதிலிருந்து சர்வதேச ஆட்டம். அந்தக் கை 31 வயதில் வலிக்காமல் இருந்திருந்தால்தான் ஆச்சரியம்.

2004-ல் ஆஸ்திரேலியாவுக்கு எதிராக முதல் 2 டெஸ்ட் இல்லை. 2005 மே மாதம் லண்டனில் முழங்கை ஆபரேஷன். ஜிம்பாப்வேயில் 2 டெஸ்ட் இல்லை. 2006 மார்ச்சில் தோள்பட்டை ஆபரேஷன், மேற்கிந்தியத் தீவுகளில் 4 டெஸ்ட் இல்லை. இந்தக் காலகட்டத்தை மட்டும் தனியாக எடுத்தால், 2004 அக்டோபர் முதல் 2006 ஜூன் வரை இந்தியா ஆடிய 26 டெஸ்ட்களில் 8 போயிற்று. கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. என் நண்பன் சொன்னது இந்த இருபது மாதத்துக்கு மட்டும் ஓரளவு பொருந்தும். அதை மறைக்கக் கூடாது.

அந்தத் தோள்பட்டையோடுதான் 2006 மார்ச்சில் வான்கடேயில் இங்கிலாந்துக்கு எதிராக இறங்கினார். முதல் இன்னிங்ஸில் 1 ரன். திரும்பி வரும்போது சொந்த ஊர் ரசிகர்களில் ஒரு பகுதியினர் கூச்சல் போட்டார்கள். நான் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்து அதிக நாள் ஆகவில்லை. மறுநாள் லோக்கல் ரயிலில் எங்கே திரும்பினாலும் "சச்சின் முடிந்தான்" என்ற பேச்சுதான். அடுத்த வருஷம் உலகக் கோப்பையில் இந்தியா முதல் சுற்றிலேயே வெளியேறியபோது, அவர் கண்ணாடி முன்னால் நின்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டும் என்கிற மாதிரி இயான் சாப்பல் இந்த ஊர் பத்திரிகையிலேயே எழுதினார்.

இனிமேல்தான் கணக்கில் சுவாரஸ்யமே இருக்கிறது. கூச்சல் கேட்ட அந்த வான்கடே டெஸ்ட் அவருக்கு 132-வது. அதற்கு அப்புறம் ஆடியது 68 டெஸ்ட். அதுவே பலருக்கு ஒரு முழு ஆட்ட வாழ்க்கை. தோள் ஆறித் திரும்பிய பின் 33 வயதிலிருந்து 40 வயது வரை இந்தியா ஆடிய 74 டெஸ்ட்களில் 68-ல் வந்திருக்கிறார். மறுபடியும் 92 சதவீதத்தை ஒட்டித்தான் வருகிறது! ஆபரேஷனுக்கு முன்பு டெஸ்டிலும் ஒருநாள் ஆட்டத்திலுமாக 74 சதங்கள். அதற்குப் பிறகு 26. ஒருநாள் போட்டியில் 200 (2010, குவாலியர்), உலகக் கோப்பை (2011, அதே வான்கடே) எல்லாமே "முடிந்தான்" என்று சொன்ன பிறகு வந்தவைதான். ஒரு காலாண்டின் நஷ்டத்தைப் பார்த்துக் கடையை இழுத்து மூடச் சொன்னோம் நாம்.

எதிர்த் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். கடைசி வருஷங்களில் ஒருநாள் போட்டிகளை அவர் பொறுக்கித்தான் ஆடினார். அந்தச் சலுகை எல்லா ஆட்டக்காரருக்கும் கிடைக்காது. கபில்தேவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வேகப்பந்து வீச்சாளராக இருந்தும் 131 டெஸ்ட். நடுவில் விட்டது ஒன்றே ஒன்று, அதுவும் காயத்தால் அல்ல, அணியிலிருந்து நீக்கியதால். அந்த உடம்பை அளவுகோலாக வைத்தால் டெண்டுல்கர் என்ன, யாருமே காயக்காரர்தான்.

இன்னொரு பக்கம் ஆசிஷ் நெஹ்ராவைப் பாருங்கள். 1999-ல் ஆரம்பித்து 2004-ல் 17 டெஸ்டோடு வெள்ளை உடை ஆட்டம் முடிந்துவிட்டது. நம் பாலாஜியையும் மறக்க முடியுமா? 2004 பாகிஸ்தான் பயணத்தில் சிரித்துக்கொண்டே விக்கெட் எடுத்து, மட்டையும் சுழற்றி, ஊரே கொண்டாடிய பையன். முதுகு எலும்பு அழுத்த முறிவால் 8 டெஸ்டோடு நின்றுபோனார். பந்து வீசும் முறையையே மாற்றிக்கொண்டு திரும்பி வந்து 2008-ல் ஐ.பி.எல்.லின் முதல் ஹாட்ரிக்கை எடுத்தார். காயம் நிஜமாகவே ஒரு ஆட்டக்காரரிடமிருந்து எதைப் பறிக்கும் என்பதற்கு இவர்கள்தான் உதாரணம். இவர்களையும் "காயக்காரர்" என்று கேலியாகச் சொல்ல எனக்கு மனம் வராது. உடம்பை முழுசாகக் கொடுத்து வேலை செய்தவர்களுக்கு வந்த பாக்கி அது.

சரி, இவ்வளவு சின்ன எண்ணிக்கை நம் மனதில் ஏன் இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது? எனக்குத் தோன்றுவது இதுதான். வந்த நாளை யாரும் எண்ணுவதில்லை. வராத நாள் மட்டும் கண்ணில் உறுத்தும். அவர் வராத அன்று டிவியை அணைத்தோமே, அது ஞாபகம் இருக்கிறது. வந்த 200 நாள் வெறும் வழக்கமாகிவிட்டது.

இதை எழுத எனக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கொஞ்சம் சங்கடமான காரணம்.

பல வருஷங்களுக்கு முன் இந்த ஊரிலேயே ஒரு கிளையில் வேலை பார்த்தேன். தலைமைக் காசாளர் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணாச்சி, தாராவியில் குடியிருப்பு. நாள் முழுக்க நோட்டு எண்ணி எண்ணித் தோளும் கழுத்தும் போய்விட்டிருந்தன. கழுத்தில் பட்டை போட்டுக்கொண்டு கவுண்டரில் உட்கார்ந்திருப்பார். கிளையில் அவருக்கு "லீவு அண்ணாச்சி" என்று பேர். நானும் சிரித்திருக்கிறேன். ஊர்ப் பக்கம் ஒரு கிளைக்கு மாற்றல் கேட்டு, கூடவே ஒரு பொறுப்பும் கேட்டு விண்ணப்பித்தார். குறிப்பு எழுத வேண்டியவன் நான். "அடிக்கடி உடல்நலக் குறைவால் விடுப்பில் செல்பவர்" என்று ஒரு வரி எழுதினேன். பதிவேட்டைத் திறக்கவில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தானே என்று நினைத்தேன். அவருக்குக் கிடைக்கவில்லை.

மறு வருஷம் எனக்கு மாற்றல் வந்தது. சார்ஜ் ஒப்படைக்கும்போது லீவ் ரெஜிஸ்டரைப் புரட்டினேன். ஆறு வருஷத்தில் அண்ணாச்சி எடுத்த சிக் லீவ் 31 நாள். அதில் 26 நாள் ஒரே ஒரு ஆபரேஷனுக்கு. மிச்ச ஆறு வருஷத்துக்கும் சேர்த்து ஐந்தே நாள். அந்தக் கழுத்துப் பட்டை லீவுக்கு அடையாளமல்ல, வருகைக்கு அடையாளம். அதைப் பார்த்துத்தான் நான் அந்த வரியை எழுதியிருக்கிறேன்.

அவரிடம் போய்ச் சொன்னேன். "போட்டும் சார், நீங்க வேணும்னா செஞ்சீங்க?" என்றார். வேண்டுமென்று செய்யவில்லைதான். அதனால் அவருக்கு என்ன லாபம்? அவர் அதே கவுண்டரில் ஓய்வு பெற்றார்.

ஞாயிற்றுக்கிழமை நண்பனுக்கு போன் போட்டு "பதினேழு" என்றேன். ஒரு நிமிஷம் பேச்சே இல்லை. அப்புறம் "2008 சேப்பாக்கம் ஞாபகம் இருக்கா?" என்று அவனே கேட்டான்.

மறக்குமா? நவம்பர் 26 தாக்குதல் முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. வி.டி. ஸ்டேஷன் வழியாகப் போகவே நெஞ்சு படபடத்த நாட்கள். டிசம்பர் 15, அதே சேப்பாக்கம், இங்கிலாந்துக்கு எதிராக 387 துரத்தல். இந்த முறை அவர் ஆட்டமிழக்கவில்லை. 103 ரன்னோடு நின்று, யுவராஜோடு சேர்ந்து முடித்துவிட்டுத்தான் வந்தார். அந்தச் சதத்தை மும்பைக்கு அர்ப்பணித்தார். முழங்கையிலும் தோளிலும் கத்தி பட்ட பிறகு ஆடிய ஆட்டம் அது.

"அன்னிக்கு நீ டிவியை அணைக்கலையே?" என்றேன்.

"இல்லடா, அழுதேன்" என்றான்.

உங்கள் அலுவலகத்திலும் யாராவது ஒரு "லீவு அண்ணாச்சி" இருப்பார். அடுத்த முறை சிரிப்பதற்கு முன்னால் ரெஜிஸ்டரை ஒரு தடவை திறந்து பாருங்கள். ஐந்து நிமிஷ வேலைதான். நான் செய்யாமல் விட்ட ஐந்து நிமிஷம்.